லெவல் நூறுக்கு இறங்காத மெயில்

ஸ்கெலட்டன் லைன்,
கே.ஜி.எஃப்.
செவ்வாய்க்கிழமை, மாலை

தம்பி சகாயத்துக்கு அண்ணன் இன்பராஜ் எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அண்ணி பிலோமினாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். முட்டிவலியைத் தவிர எனக்கும், என்னைத் தவிர அவளுக்கும் வேறு தொந்தரவு இல்லை. உங்கள் நலமறிய ஆவல் என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். ஐந்து வருஷமாகப் பேசாத தம்பியின் நலத்தில் ஆவல் என்று எழுதினால் அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும், ஆகவே மரியாதைக்கு எழுதியதாக எடுத்துக்கொள். உன் மகள் கரோலினும் அவள் வீட்டுக்காரரும் குழந்தையும் சௌக்கியம்தானே? குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா? இதுவும் மரியாதைக்குத்தான் கேட்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை என் பெயரில் உனக்கு ஒரு மெயில் வந்திருக்கும். "நிச்சயமாக, மிக்க மகிழ்ச்சி" என்று அதில் இருந்திருக்கும். அதை நான் எழுதவில்லை, என் போன் எழுதியது. கல்லறைத் திருநாளுக்கு வரும்போது வீட்டுக்கும் வரலாமா என்று நீ கேட்டிருந்ததைப் படித்தேன், அவ்வளவுதான். நான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அந்த மகிழ்ச்சிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. ஆகவே என் பதில் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகுட்டிகளோடு வீட்டு வாசலில் வந்து நிற்காதே. இதைப் போனில் சொல்ல வழியில்லை, நாம்தான் பேசுவதில்லையே. மெயிலில் சொல்லலாம் என்றால், மெயிலை நம்பித்தானே இந்த நிலைமைக்கு வந்திருக்கிறேன். அதனால் காகிதத்தில் எழுதி, தினமும் முதல் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு சுந்தரராஜ் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

எப்படி நடந்தது என்று சொல்லாவிட்டால் நீ நம்பமாட்டாய், அண்ணன் சொன்ன சொல்லை மாற்றுகிறான் என்பாய். நான் இங்கே கல்லறைக் கமிட்டிச் செயலாளர். செயலாளர் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டும் வேலை என்று நினைத்துவிடாதே. குழி எங்கே தோண்டுவது, எந்தக் கல்லறைக்கு எந்தக் குடும்பம் வெள்ளையடிப்பது, முள் வெட்டுகிறவன் ஏன் இன்னும் வரவில்லை என்று நாள் முழுக்க மெயில். புதிய ஃபாதர் வந்ததிலிருந்து எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று உத்தரவு, பக்கத்துத் தெருவில் இருப்பவன்கூட மெயில்தான் அனுப்புகிறான். இவ்வளவையும் நான் ஒருத்தன் சமாளித்தது ஒரே ஒரு வசதியால். மெயில் பெட்டிக்குள் லெவல் லெவலாகப் பிரித்து வைத்திருந்தேன். லெவல் ஒன்று, உடனே பார்க்க வேண்டியது. லெவல் பத்து, ஞாயிறு பூசை முடிந்து பார்த்துக்கொள்ளலாம். லெவல் நாற்பது, நாளானால் கேட்டவரே மறந்துவிடுவார். லெவல் நூறு, வெளிச்சமே படக்கூடாதது. மெயிலைப் படித்துவிட்டுக் கீழ் மூலையில் கட்டைவிரலால் இரண்டு தட்டுத் தட்டினால் ஒரு லெவல் இறங்கும், மறுபடி இரண்டு தட்டினால் அதற்கும் கீழே போகும். எனக்கென்றே செய்துவைத்த ஏற்பாடு அது. மைன்ஸில் நான் ஷாஃப்ட் வாயில் நின்று, ஆட்களைத் தங்கச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கேஜுக்கு மணி அடித்தவன். இரண்டு அடித்தால் இறக்கு என்று அர்த்தம். கண் கேஜின் மேல் இருக்கும், கை தன்பாட்டுக்குக் கயிற்றை இழுக்கும். மைன்ஸ் மூடி இத்தனை வருஷம் ஆனது என் மூளைக்குத் தெரியும், கைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

லெவல் நூறில் ஒரே ஒரு மெயில்தான் இருந்தது. எது என்று உனக்கே தெரியும். கரோலின் கல்யாணப் பத்திரிகை. ஊர் உலகத்தில் பத்திரிகையைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு, புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து கொடுப்பார்கள். அப்பா போன வீட்டில் முதல் பத்திரிகை அண்ணனுக்கு. எனக்கு வந்தது மெயிலில். அதன் மேலே என்ன எழுதியிருந்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அன்புள்ள அனைவருக்கும்." நான் அனைவரா, சகாயம்? அந்தப் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி முழுக்க நின்றவன் அனைவரா? கேட்டதற்கு, "எல்லாருக்கும் அப்பிடித்தாண்ணா அனுப்பினேன், லீவு கெடைக்கல" என்றாய். புண்ணில் உப்புத் தடவி அதன் மேல் எலுமிச்சம்பழத்தையும் பிழிந்த மாதிரி இருந்தது. நான் கல்யாணத்துக்கு வரவில்லை. வந்திருக்கலாம் என்று உன் அண்ணி இன்றுவரை சொல்கிறாள், அவள் சொல்லாத நாளில் அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

இரு, தண்ணீர் டேங்கர் வந்துவிட்டது. பிடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். குடம் நிறைவதற்குள் அடுத்த வீட்டுக்காரி சண்டைக்கு வந்துவிட்டாள், அதை விடு. அந்தப் போன் பல மாதமாக என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது, புதுப்பிக்கவா, புதுப்பிக்கவா என்று. பிறகு பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நன்றாக ஓடுகிற மோட்டாரை யாராவது பிரிப்பார்களா? ஒருநாள் நான் குளிக்கப் போயிருந்தபோது உன் அண்ணி, அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரத்தில் இது வேறு டிங் டிங் என்கிறதே என்று, வாயை மூடட்டும் என்று சரி என்பதை அமுக்கியிருக்கிறாள். துண்டோடு வந்து பார்த்தால் லெவல் இல்லை, பத்து இல்லை, நாற்பது இல்லை. கீழே இருந்ததெல்லாம் மேலே வந்து ஒரே குவியலாகக் கிடக்கிறது. எல்லா மெயிலும் ஒரே இடத்தில் இருப்பது எனக்குச் சுலபமாம், போனே எழுதிக் காட்டுகிறது. நூறாவது லெவலில் இருந்த பத்திரிகையும் ஏறி வந்து, கரோலின் பட்டுப்புடவையில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நான் என்ன செய்ய, கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். இரண்டு தட்டு இருந்த அதே மூலையில் மெயில் கம்பெனிக்காரர்கள் என்ன வைத்தார்கள் தெரியுமா? தயார் பதில். நமக்குப் பதில் எழுத அலுப்பாக இருக்குமாம், அதனால் அதுவே ஒரு பதிலை எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கும், இரண்டு தட்டினால் அனுப்பிவிடும். என் போனுக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்றுதான். "நிச்சயமாக, மிக்க மகிழ்ச்சி."

முதலில் மாட்டியவர் சிரில். அவருடைய அப்பா தவறிப்போய், அடக்கம் புதன்கிழமை, குழிக்கு இடம் குறித்துக் கொடுங்கள் என்று மெயில் அனுப்பியிருந்தார். நான் படித்து, ஐயோ பாவம் என்று நெற்றியில் சிலுவை போட்டு, லெவல் ஒன்றில் வைப்பதாக நினைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். புதன்கிழமை நான்தான் முன்னால் நின்று குழியைக் காட்டுகிறேன், சிரில் என் முகத்தையே பார்க்கவில்லை. மண் போட்டு முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போனை நீட்டினார்.

"இன்னா சார், எங்கப்பா செத்ததுல ஒனக்கு இன்னா அவ்ளோ மகிழ்ச்சி?"

"சிரில், அது நான் இல்லப்பா, போனு" என்றேன்.

"போனுக்கு எங்கப்பாவ தெரியுமா சார்?" என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டார்.

அடுத்தது ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு அம்மாள். அவருடைய தாத்தா வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே மைன்ஸில் இருந்தவராம், அவர் கல்லறை இன்னும் நல்லபடியாக இருக்கிறதா என்று விசாரித்து எழுதியிருந்தார். தேடிப் பார்த்துப் பிறகு எழுதலாம் என்று கீழே இறக்கினேன். இங்கிலீஷ் மெயிலுக்கு இங்கிலீஷிலேயே அதே மகிழ்ச்சி போயிருக்கிறது. அந்த அம்மாள் விமான டிக்கெட் எடுத்து அதன் படத்தையும் அனுப்பிவிட்டார். டிசம்பரில் வருகிறார். நான் இப்போது தினமும் காலையில் கையில் குச்சியோடு முள்ளுக்குள் நுழைந்து வெள்ளைக்காரத் தாத்தாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரு கல் கிடைத்தது. துடைத்துப் பார்த்தால் அது ஒரு நாயினுடையது. நல்ல நாயாக இருந்திருக்க வேண்டும், மார்பிளில் எழுதியிருந்தார்கள்.

பொறுக்க முடியாமல் அந்த மெயில் கம்பெனிக்கே நீளமாக ஒரு புகார் எழுதினேன். ஐயா, நான் உங்களிடம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை, இருந்ததை ஏன் எடுத்தீர்கள், இரண்டு தட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று, கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் எழுதினேன். அவர்களிடமிருந்து உடனே பதில் வந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புள்ளது, எங்கள் புதிய மாற்றங்கள் உங்களுக்குப் பிடித்திருக்கின்றனவா என்று கேட்டிருந்தார்கள். இந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், நாளைக்கு ஆதாரத்துக்கு உதவும் என்று நினைத்தேன். நினைத்ததும் கை என்ன செய்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அந்தக் கம்பெனிக் கணக்கில் நான் மிக்க மகிழ்ச்சியாக இருக்கிற ஆள்.

உன் அண்ணி என் கட்டைவிரலில் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டாள். ஆள்காட்டிவிரல் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஒரு ஷிப்ட் ஆள் வராவிட்டால் அடுத்த ஷிப்ட் ஆள் நிற்பதில்லையா, அந்த மாதிரி.

அதற்குப் பிறகுதான் மாடு. பூதிகோட்டை பெருமாளை உனக்குத் தெரியாது, நம் லைன் வீடுகளுக்கெல்லாம் பால் ஊற்றுகிறவர். அவருடைய மகன் படித்தவன், அப்பாவுக்காக மெயில் அனுப்பியிருந்தான். கல்லறைத் தோட்டத்தில் புல் இடுப்பு உயரம் நிற்கிறது, எங்கள் மாடுகளைக் கொண்டுவந்து மேய்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தான். எவனாவது கல்லறைத் தோட்டத்தில் மாடு மேய்ப்பானா என்று கோபத்தில் லெவல் நாற்பதுக்குத் தட்டினேன். மறுநாள் ஃபாதர் ஆள் அனுப்புகிறார், ஓடிப்போய்ப் பார்த்தால் டெம்போவில் மாடுகள் வந்து இறங்கி, பெரியவர் சின்னவர் பாராமல் எல்லார் மேலும் நின்று மேய்ந்துகொண்டிருக்கின்றன. ஒரு சிவப்பு மாடு நேராக சிரிலின் அப்பா கல்லறைக்குப் போய், வாடாத மாலையாகப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. சிரிலும் அந்த நேரத்தில்தான் மெழுகுவத்தியோடு வருகிறார். உலகத்தில் வேறு நேரமே இல்லை பார்.

"ஓட்டு பெருமாளு, ஓட்டு, யார் உன்ன வரச்சொன்னது?" என்று கத்தினேன்.

"நீங்கதானே சார் ரொம்ப மகிழ்ச்சின்னு எழுதிகிறீங்க, எம்மவன் படிச்சிக் காட்டினான்" என்று அவர் நிதானமாகச் சொன்னார். "ஆனா சார், புல்லு நல்லா சுத்தமாயிட்ச்சி பாருங்க."

அதில் ஒரு உண்மை இருந்தது. முள் வெட்டுகிறவன் மூன்று மாதமாகச் செய்யாததை மாடுகள் ஒரே காலையில் செய்திருந்தன. ஃபாதர்கூடப் பிறகு மாட்டைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் சிரில் என்னைப் பார்த்தால் இப்போது தெருவுக்கு அந்தப் பக்கம் போகிறார்.

அன்று சாயங்காலமே ராபர்ட்சன்பேட்டையில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மேக்ஸ்வெலிடம் போனேன். போனை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"அந்த வசதி போய்ட்ச்சி சார். யாரும் யூஸ் பண்றதில்லன்னு எடுத்துட்டாங்க."

"நான் பண்றேனே."

"நீங்க ஒர்த்தர்தானே சார்."

சகாயம், நீ சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாய், உன்னைக் கேட்கிறேன். ஒருத்தன் பயன்படுத்தினால் அது பயன்படுத்தியதாகாதா? உன் கம்பெனி அந்த மெயிலைச் செய்வதில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் ஒரே சாதி நீங்கள். யாருக்கும் சொல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கதவு இருந்த இடத்தில் சுவரும் சுவர் இருந்த இடத்தில் கதவும் வைத்துவிட்டு, காலையில் எழுந்து முட்டிக்கொண்டவனிடம் பிடித்திருக்கிறதா என்று கேட்கிறீர்கள். பழைய வீட்டில் இருட்டிலும் செம்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். புதுவீட்டில் விளக்குப் போட்டாலும் தெரிவதில்லை.

மேக்ஸ்வெல் கடைக்குப் போய் வந்த மறுநாள்தான் உன் மெயில். "அண்ணா, இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு கரோலினும் குழந்தையும் வர்றாங்க. அம்மா கல்லறைக்கு வந்துட்டு வீட்டுக்கும் வரலாமா?" என்று எழுதியிருந்தாய். இந்த ஐந்து வருஷமாக நீ முதல் பஸ்ஸில் வந்து, அம்மாவுக்குப் பூவும் மெழுகுவத்தியும் வைத்துவிட்டு, நான் வருவதற்குள் போய்விடுகிறாய் என்று எனக்குத் தெரியும். நான் போகும்போது மெழுகு உருகிச் சூடாக இருக்கும். நான் அதற்குப் பக்கத்தில் என்னுடையதை வைத்துவிட்டு வருவேன். அப்படியே இருந்திருக்கலாம். இந்த வருஷம் நீ கேட்டுவிட்டாய், கை தட்டிவிட்டது, மகிழ்ச்சி போய்விட்டது. நீயும் உடனே இன்னொரு மெயில் அனுப்பினாய். "அண்ணா" என்று ஒரே ஒரு சொல். அதற்கு மேல் எழுத லீவு கிடைக்கவில்லையோ என்னவோ. அதை மட்டும் நான் தட்டவில்லை. லெவல் இருந்த காலமாக இருந்தாலும் அதை எதில் வைப்பது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

உன் அண்ணி என் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்துப் படித்துவிட்டாள். அவளிடம், இது தவறிப்போய்ப் போன பதில், நாளைக்கே வராதே என்று எழுதப்போகிறேன் என்றேன்.

"இந்த வூட்ல மனுஷனுக்கு வராத புத்தி போனுக்காவது வந்துகீதே, அத கெடுக்காதீங்க" என்றாள். சொன்னதோடு நின்றாளா? அன்றைக்கே மட்டன் கடையில் சொல்லிவிட்டாள். முன் அறையில் இருந்த கல்லறைக் கமிட்டி மண்வெட்டிகளையும் வெள்ளையடிக்கிற வாளிகளையும் பின்பக்கம் தூக்கிப் போட்டுவிட்டாள். தொட்டிலுக்குக் கொக்கி தாங்குமா என்று பார்க்கச் சொன்னாள். நான் ஏறித் தொங்கிப் பார்த்தேன், தாங்குகிறது. இதெல்லாம் உனக்காக என்று நினைத்துவிடாதே. எப்படியும் வருஷத்துக்கு ஒருமுறை வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டியதுதான்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். கூப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. மெயிலில் வந்த பத்திரிகை பத்திரிகை இல்லை என்று நான் சொன்னேன், இன்றைக்கும் அதுதான் என் பேச்சு. மெயிலில் வந்த பத்திரிகை பத்திரிகை இல்லையென்றால் மெயிலில் போன சம்மதமும் சம்மதம் இல்லை. உனக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயம் கிடையாது. நீ எப்போதும் போல வா, அம்மாவைப் பார், எப்போதும் போலப் போ. வீட்டுப் பக்கம் வரவேண்டாம். யாராவது கேட்டால் அண்ணன் போனில் கோளாறு என்று சொல். அது பொய்யும் இல்லை.

உனக்கும் உன் மனைவிக்கும் கரோலினுக்கும் மருமகப்பிள்ளைக்கும் நான் இன்னும் பார்க்காத அந்தக் குழந்தைக்கும் தேவமாதாவின் ஆசி எப்போதும் துணையிருக்கட்டும். பிலோமினா உங்கள் எல்லாரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். இதோடு ஏழாவது தடவையாகச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
இன்பராஜ்,
செயலாளர், கல்லறைக் கமிட்டி

பின்குறிப்பு: மேக்ஸ்வெல் சொன்னதில் ஒன்றை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். உறையை ஒட்டுவதற்குள் எழுதச் சொல்லி உன் அண்ணி தலைக்கு மேல் நிற்கிறாள். தயார் பதில் போனதும் போனின் அடியில் கறுப்பாக ஒரு பட்டை வருமாம், அதில் "திரும்பப் பெறு" என்று இருக்குமாம், அதைத் தொட்டால் போன பதில் போகாமலே திரும்பி வந்துவிடுமாம். ஒரு 'அருள்நிறைந்த மரியே' மந்திரம் சொல்லும் நேரம் அது நிற்கும் என்று கடையிலேயே இரண்டு தடவை செய்து காட்டினான். மறுநாள் உன் மெயிலுக்குப் பதில் போனபோது அந்தப் பட்டை வந்தது. நான் கண்ணாடி போட்டிருந்தேன், எழுத்து நன்றாகத் தெரிந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அது போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே எழுதியதெல்லாம் பெரியவன் ஒருத்தன் எழுத வேண்டியது, எழுதிவிட்டேன். நீ முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடிவராதே, குழந்தை தூங்கி எழுந்த பிறகு எல்லாருமாகச் சேர்ந்து நிதானமாக வாருங்கள். நான் கல்லறைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கிறேன், சேர்ந்து போகலாம்.